கால்ரெடாக்சின்: ஒரு பசும்பாசிப் புரதத்தின் வரலாறு

கால்ரெடாக்சின் என்பது கிளாமிடோமோனஸ் என்னும் ஒருசெல் பசும்பாசியின் பசுங்கணிகத்தில் உள்ள புரதம். கால்சியம் வந்து பிணைந்தால்தான் இது செயல்படும்.

சாரல் காலத்தில் குற்றாலப் பாறைகளிலும் தென்காசிப் பக்கத்துக் குளங்களிலும் படரும் பச்சைப் படலத்தில் நீலப்பசும்பாசிகளுடன் பசும்பாசிகளும் உண்டு. வழுக்கும் என்பதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தால் பாசிக்கு நெருக்கடி. ஒளிச்சேர்க்கையில் செலவிட முடியாத அளவுக்கு ஒளி சேரும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுப் பொருள்கள் பெருகும். அவற்றை உடனே நீக்காவிட்டால் செல்லுக்கே கேடு.

கிளாமிடோமோனஸ் வால்வாக்கேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையைச் சென்னையில் விரிவாக ஆராய்ந்தவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963). டி. வி. தேசிகாச்சாரியுடன் அவர் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. அது பாசிகளின் வடிவத்தையும் வகைப்பாட்டையும் சொல்வது. செல்லுக்குள் நடப்பதை அறிய வேறு இரண்டு வழிகளில் ஆய்வு நடந்தது.

முதல் வழி கால்சியம். பள்ளியில் நாங்கள் அதை எலும்போடும் பல்லோடும் நிறுத்திவிடுவோம். 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர், குழாய்நீரில் கலந்த உப்புக்கரைசலில் துடித்த தவளை இதயம் வாலைவடிநீர்க் கரைசலில் ஓய்ந்ததைக் கவனித்தார். குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம். கால்சியம் புரதத்தில் எங்கே அமர்கிறது என்பது 1973இல் கெண்டைமீன் தசைப் புரதம் ஒன்றில் தெளிவானது. நீட்டிய சுட்டுவிரலும் கட்டைவிரலும் போல இரு சுருள்கள், நடுவில் கால்சியம். கிரெட்சிங்கர் அதற்கு 'ஈ-எஃப் கை' என்று பெயரிட்டார்.

இரண்டாவது வழி தயோரெடாக்சின். எலக்ட்ரானைக் கைமாற்றிப் பிற புரதங்களின் கந்தகப் பிணைப்பைத் திறக்கும் சிறு புரதம் இது. 1964இல் ஸ்வீடனில் பீட்டர் ரைக்கார்டின் குழு இதை ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தது. பசுங்கணிக நொதிகளை வெளிச்சத்தில் இயக்கிவிடுவது இதுவே என்று 1970களில் பாப் புக்கானன் காட்டினார்.

இரண்டும் ஒரே புரதத்தில் இணைந்திருப்பதை 2016இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹிப்லர் குழு, ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அறிவித்தது. கால்ரெடாக்சினில் நான்கு ஈ-எஃப் கைகளும் ஒரு தயோரெடாக்சின் பகுதியும் உள்ளன. கைகளில் கால்சியம் அமர்ந்ததும் மறுபகுதி செயல்படத் தொடங்கி, பெராக்சைடை அழிக்கும் பெராக்சிரெடாக்சினுக்கு எலக்ட்ரான் தருகிறது. செய்தியை உணர்வதும் அதற்கேற்ப வேலை செய்வதும் ஒரே மூலக்கூறுதான். இப்புரதத்தை வெகுவாகக் குறைத்து வளர்த்த பாசிகளில் ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் ஓட்டம் மாறியது. ஆக்சிஜனேற்ற நெருக்கடியைச் சமாளிக்கும் திறனும் பாதிக்கப்பட்டது.