ஏரி காத்த ராமரும் ஜப்பான்காரர் எடுத்த ராமாயணமும்



மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை நம் செங்கல்பட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1798-இல் பெருமழை, ஏரி உடையும் நிலை. கரை தப்பினால் தாயார் சந்நிதி கட்டித் தருவதாகச் சொன்னார் கலெக்டர் பிளேஸ் துரை. இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார், கரை நின்றது, சொன்னபடி சந்நிதி எழுந்தது என்பது ஐதிகம். அந்நியர் என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

இதை எனக்கு மறுபடி நினைவூட்டியது ஒரு கார்ட்டூன் படத்தின் வரலாறு. கார்ட்டூன் படம் ஓவியரின் பென்சிலில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

1983-இல் ஜப்பானியர் யூகோ சாகோ, தொல்லியலாளர் பி.பி.லால் அலகாபாத் அருகே நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். ராமன் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைப் படித்தார். தெய்வமான ராமனை மனித நடிகரால் காட்ட முடியாது, ஓவியத்தால்தான் முடியும் என்று முடிவு செய்தார். யோசனை பிறந்தது இப்படித்தான்.

அடுத்தது அனுமதி. செய்தித்தாளில் வந்த ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்நியர் ராமாயணத்தைப் படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் ஜப்பான் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. சாகோ நேரில் விளக்கினார். இரு நாடுகளும் சேர்ந்து எடுக்கலாம் என்ற அவரது திட்டத்துக்கு நம் அரசு முதலில் இசைந்தது. பிறகு, உணர்வுபூர்வமான விஷயம், கார்ட்டூனாகக் காட்ட முடியாது என்று கைவிட்டது. அயோத்திப் பிரச்சினை சூடாக இருந்த காலம் அது.

சாகோ விடவில்லை. ஜப்பானியப் பணத்தில் டோக்கியோவில் வேலை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன் இணை இயக்குநரானார். வேட்டி கட்டும் விதம், பெரியவர் காலில் விழும் முறை எல்லாம் நம்மவர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சுமார் 450 கலைஞர்கள் உழைத்த படம், 1993 ஜனவரியில் டில்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2025 ஜனவரியில்தான் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது.

யோசனை நல்லதா என்று கேட்பதற்குமுன் 'நீ யார்' என்று கேட்டுவிட்டோம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பை இழந்தார்கள். பிளேஸ் துரையிடம் நம் ஊர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பேரப்பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுங்கள். பிறகு ஒருமுறை மதுராந்தகமும் அழைத்துப் போங்கள்.