கேசரிக்கு நிறம் கொடுத்தது யார்?

“நாங்களெல்லாம் கலர் தண்ணியும் ஜிலேபியும் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கிற்கு அம்பாங்கானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுப்பிய கேள்வி இது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அரங்கில் கைதட்டல் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கேசரி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் கேசரம் என்றால் குங்குமப்பூ. அந்தப் பூவின் நிறத்தால் வந்த பெயர் அது. பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் குங்குமப்பூவுக்கு எங்கே போவார்கள்? நிறம் வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும் என்ற இடத்தில்தான் சின்னப் பொட்டலத்தில் கேசரி பவுடர் நம் அடுப்படிக்குள் நுழைந்தது. பூவின் பெயரைப் பொடி எடுத்துக்கொண்டது. இன்று ‘கேசரி கலர்’ என்றால் யாருக்கும் பூ நினைவுக்கு வருவதில்லை.

அந்தப் பொடியின் பூர்வீகம் என்ன? 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரை வாரிக்கொண்டு போன அதே காய்ச்சல்தான். மருந்து கிடைக்கவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளில் ஊதாச் சாயம் கிடைத்தது. துணிக்காகப் பிறந்த இந்தச் சாயக் குடும்பம் சீக்கிரமே மிட்டாய்க்கும் வெண்ணெய்க்கும் போய்விட்டது. இன்றும் நம் பலகாரங்களில் காணும் டார்ட்ராசின் என்ற மஞ்சள் சாயம் 1884-இல் வந்தது.

அதன் பிறகு நடந்த கதை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் சாயம் கடைக்கு வரும். பிறகு யாருக்காவது உடம்புக்கு வரும். கடைசியில்தான் சட்டம் வரும். 1930-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெண்ணெய்க்குப் போட்ட ஒரு மஞ்சள் சாயம் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினார்கள். 1950-இல் அமெரிக்காவில் ஆரஞ்சு நிறப் பண்டிகை மிட்டாய் தின்ற பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். அங்கே 1960-இல் சட்டம் இறுகியது. எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயத்தின் கதையோ வேடிக்கை. ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்ததால் 1990-இல் அதை உதட்டுச் சாயத்தில் போடக்கூடாது என்றார்கள். அதே சாயத்தை உணவில் போடக்கூடாது என்று சொன்னது 2025 ஜனவரியில்! உதட்டில் பூசத் தகாததை 35 ஆண்டுகள் விழுங்க விட்டிருக்கிறார்கள். எலிக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றிய முக்கியமான ஆய்வு 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேர். சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்தபோது சிலரிடம் துறுதுறுப்பு கூடியது. எல்லாரிடமும் இல்லை, விளைவும் பெரிதல்ல. ஆனாலும் 2010 ஜூலை முதல் அந்த ஆறு சாயங்களில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என ஐரோப்பா விதித்தது. எண்கள் 102, 104, 110, 122, 124, 129. குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் 1983 உணவுச் சட்டமும் 1985 உணவு விதிமுறைகளும் எந்தச் சாயத்தை அனுமதிக்கலாம் என்று பட்டியல் போட்டன. 1969-இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் உணவுச் சாயங்களைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வந்திருக்கிறது. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்தில் நாம் அதிகம் பார்த்தது ‘அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி உள்ளது’ என்ற மலாய் வாசகத்தைத்தான். எந்த நிறமூட்டி என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

அனுமதி என்பது அளவோடு சேர்ந்தது. இந்தியாவில் செயற்கைச் சாயத்திற்குப் பொதுவான வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 0.1 கிராம். எந்த வீட்டுத் தராசு அதைக் காட்டும்? பொட்டலத்தில் சாயத்தோடு உப்பும் கலந்திருக்கும். சாயம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாமோ கண்ணால் பார்த்துத்தான் போடுகிறோம். பட்டியலிலேயே இல்லாத சாயமும் வருகிறது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அந்த ரோஸ் நிறம் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சாயம் தின்றது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும். உங்கள் பேரப்பிள்ளை காலையில் வண்ணச் சோளப்பொரி, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சிரப், மாலையில் ஜெல்லி, பாசார் மாலாமில் இன்னொன்று என்று நாள் தவறாமல் தின்கிறது. உடம்போ 15 கிலோ.

நிறமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெகிரி செம்பிலானின் புகழ்பெற்ற மசாக் லெமாக் சிலி அப்பிக்கு மஞ்சள் நிறம் தருவது மஞ்சள்தான். பச்சைக்குப் பாண்டான் இலை, நீலத்திற்குச் சங்குப்பூ என்று நம் வேலியோரத்திலேயே இருக்கின்றன. “கேசரியில மஞ்சள் போட்டா வாடை வருமே?” என்று அந்த அம்மா மடக்கினார். நெய்யில் வதக்கினால் குறையும் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். என் வீட்டில் போன தீபாவளிக்கு நிறமே போடாமல் கிண்டினோம். “இது உப்புமாவா?” என்றார்கள் பிள்ளைகள். வாயில் போட்ட பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.