ஸ்மால் பிளைண்ட் ஆல்-இன்

ஸ்மால் பிளைண்ட் ஆல்-இன் என்பது டெக்சாசு ஹோல்டம் போக்கர் சீட்டாட்டத்தில், முன்னுள்ள அனைவரும் சீட்டுகளைக் கைவிட்ட பின்னர், ஸ்மால் பிளைண்ட் இடத்திலிருப்பவர் தம்மிடமுள்ள சில்லுகள் அனைத்தையும் பந்தயமாக வைக்கும் உத்தியாகும். எதிராளியை வெளியேற்றுபவருக்கு உடனடிப் பரிசு வழங்கும் பவுண்டி போட்டிகளில் இதன் கணக்கு மாறுபடுகிறது.

பின்னணி

சீட்டு வழங்கப்படும் முன்னர் இருவர் கட்டாயப் பந்தயம் வைக்கின்றனர். சிறியது ஸ்மால் பிளைண்ட். பெரும்பாலும் அதன் இருமடங்கு பிக் பிளைண்ட் ஆகும். ஆறு பேரோ அதற்குக் குறைவானவர்களோ ஆடும் மேசையில் இம்முறை விரைவில் சுற்றி வரும். எனவே நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவரின் சில்லுகள் வேகமாகக் கரையும்.

அடிப்படைக் கணக்கு

பிளைண்டுகள் 50, 100 எனவும், இருவருக்கும் இடையே பந்தயத்திற்கு உட்படும் சில்லுகள் தலா 1000 எனவும் கொள்வோம். ஸ்மால் பிளைண்ட் ஆட்டக்காரர் சீட்டைக் கைவிட்டால் அவருக்கு 950 எஞ்சும். ஆல்-இன் வைத்து எதிராளி விலகினால் 1100 ஆகும். எதிராளி ஏற்று, வெல்லும் வாய்ப்பு 35% எனில், சராசரியாக 700 கிடைக்கும். ஆகவே எதிராளி 62.5 விழுக்காட்டிற்கு மேல் விலகினால் மட்டுமே ஆல்-இன் இலாபமாகும். மறுபுறம், பிக் பிளைண்ட் ஆட்டக்காரர் மேலும் 900 செலுத்தி 2000 சில்லுகளுக்குப் போட்டியிடுவதால், அவருக்கு 45% வெற்றி வாய்ப்புத் தேவை.

பவுண்டியின் விளைவு

பவுண்டியின் மதிப்பு 500 சில்லுகளுக்குச் சமம் எனக் கொண்டால் இரு நிலைகள் எழுகின்றன.

1. ஸ்மால் பிளைண்டிடம் அதிகச் சில்லுகள் இருத்தல்: பவுண்டியை வெல்லக்கூடியவர் அவரே. ஏற்கப்பட்டாலும் சராசரி 875 ஆக உயர்வதால், எதிராளி மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் விலகினாலே போதும்.
2. ஸ்மால் பிளைண்டிடம் குறைவான சில்லுகள் இருத்தல்: பவுண்டி எதிராளிக்கே உரியது. அவருக்கு 36% வாய்ப்பே போதுமாவதால் அவர் எளிதில் விலகமாட்டார். இங்கு வலுவான சீட்டுகளுடன் மட்டும் ஆல்-இன் வைப்பதே பொருத்தமானது.

சில்லுகள் சமமாயின் இரு விளைவுகளும் ஒருங்கே நிகழும்.

வரம்புகள்

மேற்கண்ட கணக்கு சில்லுகளை மட்டுமே அளவிடுகிறது. பரிசுப் பட்டியலை நெருங்கும்போது, இழக்கும் சில்லின் மதிப்பு வெல்லும் சில்லின் மதிப்பைவிட அதிகமாகும். டேவிட் ஆர்வில் 1973-இல் வெளியிட்ட நிகழ்தகவு முறையைப் போக்கருக்குப் பயன்படுத்தி மேசன் மால்முத் இம்மதிப்பைக் கணக்கிட்டார். வளர்பவுண்டி போட்டிகளில் வழக்கமாகப் பரிசின் பாதி மட்டுமே உடனே கிடைக்கும். மறுபாதி வென்றவரின் தலைமீதுள்ள பவுண்டியுடன் சேரும். எனவே முழுத் தொகையையும் கையில் வந்ததாகக் கணக்கிடுவது தவறாகும்.