சமூகப்பணி முதுகலைப் பட்டம்

எம்.எஸ்.டபிள்யூ. என்று வழங்கும் இப்பட்டம், சமூகப்பணியைத் தொழிலாக ஏற்போருக்கான இரண்டாண்டுப் படிப்பு. இந்தியாவில் இக்கல்வி, 1936-இல் மும்பையில் தொடங்கிய சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. சென்னை சமூகப்பணிப் பள்ளியை மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் நிறுவினார்.

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணி. வாரத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் மாணவர் வகுப்பில் இருப்பதில்லை. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப்பகுதி என ஏதேனும் ஓரிடத்தில் இருப்பார். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பது மெல்ல வெளிவரும். அதை அறிக்கையாக எழுதி மேற்பார்வை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அறிவுரை சொல்லும் அவசரத்தை அடக்கி, காது கொடுத்துக் கேட்கப் பழகுவது எந்தத் தாளையும்விடக் கடினமான பாடம். கிராம முகாமும் ஆய்வேடும் உண்டு.

மருத்துவ, மனநலச் சமூகப்பணி, சமுதாய மேம்பாடு, மனிதவளம் ஆகியவை சிறப்புப் பிரிவுகளுள் சில. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. பட்டதாரிகள் பலர் அப்பணிக்கும் சென்றனர்.