கரை நகர்ந்தது, காயல் தூர்ந்தது

போன வாரம் கொற்கையைப் பார்த்தோம். பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த அந்த ஊர், இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. வணிகமும் கூடவே போனது. அப்படிக் கொற்கைக்குக் கிழக்கே, ஆற்று முகத்துவாரத்தில் தழைத்த ஊர்தான் பழையகாயல்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், காயல் உச்சத்தில் இருந்தது. ஓர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வந்திறங்கிய சரக்கில் முதன்மையானது குதிரை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளபடி, ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை. வழியில் கடலிலேயே செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம்! கரையேறிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் தீனியாகக் கிடைத்தன. குடிக்கக் காய்ச்சிய பசும்பால். இவ்வளவு பார்த்தும் அவை பிழைக்கவில்லை. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார் மார்க்கோ போலோ. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். பழைய குதிரைகள் சாகச் சாகப் புதியவை வந்திறங்கின. பாண்டியனின் பொன் கடல் தாண்டியது.

குலசேகரனுக்குப் பின் அவர் மக்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். 1311-இல் மாலிக் காஃபூரின் படை மதுரைவரை வந்தது. காயலின் கதை அதோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ கோண்டி காயலின் முத்தைப் பற்றி எழுதுகிறார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்ச்சுக்கீசியர் பார்போசாவும் அதை வணிகம் நடக்கும் துறைமுகமாகவே காட்டுகிறார்.

படையெடுப்புக்குத் தாக்குப்பிடித்த ஊரால் வண்டலுக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. துறை தூர்ந்தது, கடல் விலகியது. போர்ச்சுக்கீசியர் முகத்துவாரத்தை ஒட்டிய புன்னைக்காயலில் காலூன்றினார்கள். பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது.

19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இந்தப் பகுதியில் தேடியலைந்தபோது, சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்பாண்ட ஓடுகளும் மண்ணில் சிதறிக் கிடந்தன. மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் இதுவே என்று அவர் அடையாளம் காட்டினார்.

பாண்டியரின் வரலாற்றை மதுரையின் போர்களை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் போர்களுக்கான குதிரை வந்தது இந்தத் துறை வழியாக. அந்தத் துறையின் ஆயுளை முடிவு செய்தது தாமிரபரணி. ஆற்றை விட்டுவிட்டு எழுதினால் பாண்டிய வரலாறு பாதிதான். முத்துக்குளித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆறு தூர்த்த இடத்தை விட்டுவிட்டு, அடுத்த துறையில் தோணியை இறக்கினார்கள். அவர்களோடு நாமும் அடுத்த வாரம் புன்னைக்காயலுக்குப் போவோம்.

(தொடரும்)