ஊத்தை பிறந்த கதை

மாரி மழை விழுந்தால் முருங்கன் மண் காலை விடாது. மன்னாரிலிருந்து மதவாச்சி போகும் வீதியில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. இங்குள்ள கரிய களிமண் நனைந்தால் பசையாய் ஒட்டும். கோடையில் காய்ந்தால் ஆழமாக வெடித்துப் பிளக்கும். மண்ணியலாளர் இவ்வகை மண்ணைக் குருமுசோல் என்பார்கள். வயலால் வரும் பிள்ளையை வாசலில் மறித்து, “ஊத்தைக் காலோட உள்ளுக்க வராத, கழுவிப்போட்டு வா” என்று சொல்லும் குரலை ஈழத்துக் கிராமங்களில் எங்கும் கேட்கலாம்.

வயலில் கிடக்கும்வரை அந்த மண்ணுக்குப் பெயர் சேறு. நெல் விளைவது அதில்தான். காலில் ஏறி வீட்டுக்குள் வந்ததும் அதே சேறு ஊத்தையாகிவிடுகிறது. இதே களிமண்தான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கும் போனது. சுண்ணாம்புக் கல்லோடு அரைபட்டு, சூளையில் வெந்து, சீமெந்தாகி, வீடுகளின் சுவராக எழுந்தது. காலில் இருந்தால் கழுவச் சொல்கிறோம். சுவரில் இருந்தால் வெள்ளையடித்துப் பார்த்து மகிழ்கிறோம்.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966 இல் வெளியிட்ட நூலில் இந்த உண்மையைத்தான் விரித்து எழுதினார். அழுக்கு என்பது ஒரு பொருளின் இயல்பு அல்ல. எந்தப் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று ஒரு சமூகம் வகுத்த ஒழுங்கு குலையும்போதுதான் அழுக்கு பிறக்கிறது என்பது அவர் வாதம். தமிழ்ச் சொற்களின் வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது.

‘குப்பை’யை எடுத்துக்கொள்வோம். சங்கப் புலவர்கள் உப்புக் குவியலையும் நெற்குவியலையும் குப்பை என்றே பாடினார்கள். குவிந்து கிடப்பது குப்பை, அவ்வளவுதான். மன்னார் உப்பளங்களில் வெள்ளையாய் எழும் உப்புமேடுகளை அந்தக் காலத்துப் புலவர் பார்த்திருந்தால் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார். வேண்டாதவற்றைக் குவித்த இடத்துக்கும் அந்தப் பெயர் போனது. பிறகு வேண்டாதது மட்டுமே குப்பை என்றானது. ஆனாலும் வடக்கின் தோட்டக்காரர் “குப்பை போடவேணும்” என்றால் அது எருவைக் குறிக்கும். பழைய மதிப்பின் ஒரு துண்டு அங்கே இன்னும் பிழைத்திருக்கிறது.

‘புழுதி’யும் அப்படித்தான். வீட்டுக்குள் அது துடைக்கவேண்டிய தூசு. உழவருக்கோ புழுதி விதைப்பு என்பது மழைக்கு முன்பே விதையை மண்ணில் சேர்க்கும் முறை. உழுத மண்ணை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும்போது அவர் பேசுவது புழுதியைப் பற்றியே. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் பூவின் மணம். கண்ணனின் வாய்மணத்தைச் சங்கிடம் விசாரிக்கும் ஆண்டாள் ‘நாறுதல்’ என்ற சொல்லையே ஆள்கிறாள். இன்று ஒரு பெண்ணிடம் அவள் சூடிய பூ நாறுகிறது என்றால் முகம் சுளிப்பாள்.

‘ஊத்தை’யும் நேற்று முளைத்த சொல் அல்ல. பெரியாழ்வார் திருமொழியில் அது இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று பெரும்பாலும் பல்லோடும் வாயோடும் சுருங்கிவிட்ட அந்தச் சொல்லை, ஈழத்தவர் உடுப்புக்கும் தண்ணீருக்கும் கைகாலுக்கும் அன்றாடம் வழங்குகிறார்கள்.

அழுக்கானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான ‘டேர்ட்டி’யின் கதை வேறு திசையில் போகிறது. அதன் மூலம் பழைய நோர்ஸ் மொழியின் ‘டிரிட்’, பொருள் மலம். ஆங்கிலத்துக்கு வந்து எழுத்துகள் இடம் மாறி ‘டேர்ட்’ ஆனது. மலத்திலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து வெறும் மண்ணுக்கும் அதன் பொருள் நகர்ந்தது. அமெரிக்காவில் மண் வீதியை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். அதே பொருளுடைய ‘ஃபில்தி’ என்ற சொல் ‘ஃபௌல்’ என்பதன் வழி வந்தது. அழுகலைக் குறிக்கும் அதன் தொன்மையான வேரிலிருந்தே துர்நாற்றத்தைக் குறிக்கும் வடமொழிப் ‘பூதி’யும் கிளைத்தது. மலம், அழுகல், சேறு என்று கண்ணாலும் மூக்காலும் அறியக்கூடிய பொருள்களே அங்கும் தொடக்கம்.

இவை எல்லாம் பொருளுக்குச் சூட்டிய பெயர்கள். தண்ணீர் பட்டால் போகும் ஊத்தைகள். இன்னொரு கூட்டம் சொற்கள் உண்டு. அவற்றுக்குக் கண்ணால் காணக்கூடிய பொருளே கிடையாது. ‘தீட்டு’ என்பது தீண்டுதலிலிருந்து பிறந்தது. ஈழத்தில் செத்த வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சொல்லும் ‘துடக்கு’, ‘தொடக்கு’ என்பதன் மறுவடிவம். ஒன்றோடு ஒன்று பிணைந்திருப்பது என்பதே அதன் அடிப்பொருள். சாவும் பிறப்பும் நடந்த வீட்டைச் சில நாள் ஒதுக்கிவைத்த வழக்கம், சாதியின் பேரில் ஒரு பிரிவு மக்களை ஆயுள் முழுக்க ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கும் சொல் கொடுத்தது. எவ்வளவு குளித்தாலும் போகாத அழுக்கு என்று ஒன்றை மனிதர்மேல் பூசியது இந்தச் சொற்கூட்டம்தான்.

அதைக் கழுவச் சட்டம் தேவைப்பட்டது. இலங்கையில் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. வந்த பிறகும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அப்படி ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடப்படாமல் அறப்போராட்டத்தில் இருந்தார்கள். குளித்து, தோய்த்த வேட்டி கட்டி வந்து நின்றவர்கள் அவர்கள். அவர்கள் உடம்பில் ஊத்தை இருக்கவில்லை. மறித்தவர்களின் மொழியில் இருந்தது.

‘துப்புரவு’ என்ற சொல் இங்கே நினைக்கத்தக்கது. வள்ளுவர் அதை நுகர்ச்சிப் பொருள் என்ற பொருளில் ஆண்டார். இன்று அது சுத்தம். துப்புரவுத் தொழிலாளியைத் தமிழ்நாட்டில் இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள்; இலங்கையில் சுகாதாரத் தொழிலாளி என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நகரத்தின் கழிவை அள்ளி நம்மைச் சுத்தமாக வைத்திருப்பவரையே ஊத்தை என்று விலகி நடக்கிறவரை, பெயரை மாற்றுவது பாதி வேலை. கழிவு நம்முடையது, உழைப்பு அவருடையது.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். சேற்றில் விளையாடி வரும் பிள்ளையிடம் “உடுப்பு ஊத்தையாயிருக்கு, மாத்து” என்று சொல்லுங்கள். “நீ ஊத்தை” என்று சொல்லாதீர்கள். முதலாவது தோய்த்தால் போய்விடும். இரண்டாவதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை அதை இன்னொரு மனிதர்மேல் எறியும். ஊத்தை என்ற சொல் உடுப்போடும் காலோடும் நிற்கட்டும். ஆளுக்கு அதைச் சூட்டும் பழக்கத்தை நம் வீட்டு வாசலிலேயே நிறுத்துவோம்.