வர்மமும் கர்க்கடகக் கஞ்சியும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் உடல்நலச் சொற்கள்

முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலையை அடுத்துக் களியக்காவிளை அமைந்துள்ளது. முன்னது கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சார்ந்தது. பின்னது தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்விரண்டிற்கும் இடையில் மாநில எல்லை இருந்ததில்லை. அதற்கு முன்பிருந்தே இப்பகுதி மக்களின் அன்றாட உடல்நலப் பேணலில் இரண்டு கூறுகள் நிலைபெற்றிருந்தன. ஒன்று, ஆசான்மாரின் வர்ம வைத்தியம். மற்றொன்று, மழைக்காலத்து மருந்துக் கஞ்சி. அண்மைப் பல்லாண்டுகளில் இவற்றோடு அக்குபங்சர் என்னும் அயல்முறையும் வந்து சேர்ந்துள்ளது. வர்மத்தை அதனோடு ஒப்பிட்டு விளக்குவதும் வழக்கமாகிவிட்டது.

இக்கட்டுரை இம்முறைகளின் மருத்துவப் பயனை ஆராய்வதன்று. இவற்றின் சொற்கள் அடைந்த வரலாற்றையே ஆராய்கிறது. மாநில எல்லை ஒரே மரபினை இரண்டாகக் காணச் செய்தது. மொழிபெயர்ப்போ வேறுபட்ட இரு மரபுகளை ஒன்றாகக் காணச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

எல்லையும் கல்வியும்

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு முன்வைத்த இணைப்புக் கோரிக்கையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு முதலிய வட்டங்களும் அடங்கியிருந்தன. மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அளித்த அறிக்கையின் வழித் தென்கோடியின் நான்கு வட்டங்களே தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இப்பிரிவினை ஆட்சியளவில் மட்டும் நிற்கவில்லை. தென்பகுதியில் வர்மம் சித்த மருத்துவத்தின் ஒரு கிளையாகக் கொள்ளப்பட்டது. 1964இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்றவை வளர்த்த பாடமரபில் அது சிறப்பு மருத்துவம் என்னும் பிரிவில் இடம்பெற்றது. வடபகுதியிலோ ஆயுர்வேதமே அரசின் ஏற்புப்பெற்ற மரபு. திருவனந்தபுரத்தில் 1889 முதலே அதற்கெனப் பாடசாலை உண்டு. எனவே அங்கு அதே கலை மர்ம சிகிச்சை என்றும் களரி சிகிச்சை என்றும் பெயர் பெற்றது. பெயர் மாறியதும் மூலநூலும் மாறிற்று. ஒருசாரார் அகத்தியர் பெயரில் வழங்கும் வர்மக் கண்ணாடி, வர்ம பீரங்கி முதலிய தமிழ் நூல்களைச் சுட்டினர். மறுசாரார் சுசுருத சங்கிதையைச் சுட்டினர்.

எண்ணிக்கையிலேயே இரு மரபுகளின் வேறுபாடு புலப்படும். சுசுருதர் கூறும் மர்மங்கள் 107. அவை தசை, குருதிநாளம், நரம்புநார், எலும்பு, மூட்டு என அமைந்த இடத்தால் பகுக்கப்பட்டவை. தமிழ் நூல்கள் கூறுவன 108. அவை படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என விளைவின் கடுமையால் பகுக்கப்பட்டவை. தென்கேரள ஆசான்மாரின் அடிமுறையும் வைத்தியமும் இவற்றுள் இரண்டாவது மரபைச் சார்ந்தன. களரிப்பயிற்றை ஆராய்ந்த பிலிப் சாரில்லி 1998இல் வெளியிட்ட தம் நூலில் வடக்கன், தெக்கன் மரபுகளை இவ்வடிப்படையில் வேறுபடுத்திக் காட்டியுள்ளமை நோக்கத்தக்கது. ஆகவே நெய்யாற்றின்கரை வர்மத்தை மர்ம சிகிச்சை எனப் பெயர்த்துச் சுசுருதரோடு மட்டும் இணைப்பது அதன் தமிழ் நூல்மரபை மறைப்பதாகும்.

வர்மம் என்னும் சொல்

வர்மம் என்பது வடமொழி மர்மன் என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. மகர வகரத் திரிபு தமிழுக்குப் புதிதன்று. விழி, முழி, விழுங்கு, முழுங்கு, வானம், மானம் என்னும் இணைகள் பேச்சில் இன்றும் உள்ளன. மருமம் என்னும் வடிவம் பழந்தமிழில் மார்பைக் குறித்தது. மர்மம் என்னும் வடிவமோ இன்றைய தமிழில் இரகசியம் என்னும் பொருளையே தருகிறது. வர்மம் என்பதற்கும் பொது வழக்கில் பகை, மனத்தில் வைத்த சினம் என்னும் பொருள் உண்டு.

இதனால் மலையாளத்திலிருந்து மர்ம சிகிச்சை என்பதை அப்படியே தமிழில் எழுதினால், தமிழ் வாசகர் அதனை மறைவான சிகிச்சை என்றே கொள்வர். ஒரே எழுத்துவடிவம் எல்லையின் இருபுறமும் வெவ்வேறு பொருள் தருவதற்கு இது தக்க சான்று.

மாத்திரையும் காலமும்

மொழியியலார்க்கு மாத்திரை என்பது எழுத்தொலியின் கால அளவு. கண்ணிமைப்பும் கைந்நொடிப்பும் அதன் அளவு எனத் தொல்காப்பியம் வரையறுக்கும். வர்ம நூல்களில் மாத்திரை என்பது தாக்கத்தின் அளவு. கால், அரை, முக்கால், ஒன்று என அது ஏறும். அளவு ஏற ஏற விளைவும் கடுமையாகும். இன்றைய வழக்கிலோ மாத்திரை என்பது விழுங்கும் மருந்து. வர்ம ஏட்டில் அரை மாத்திரை என வருமிடத்தில் அதனை மருந்தின் அளவாக மொழிபெயர்த்துவிட்டால், எச்சரிக்கையாக அமைந்த தொடர் மருந்துக் குறிப்பாக மாறிவிடும். இது வெறும் சொற்பிழையன்று. உடலுக்கு ஊறு விளைக்கத்தக்க பிழை.

காலம் என்னும் சொல்லும் இத்தகையதே. செவிக்குற்றிக் காலம், தும்மிக் காலம், அடப்பக் காலம், உறக்கக் காலம் எனப் பல வர்மங்களின் பெயர் காலம் என முடிகிறது. பிற பெயர்கள் திலர்த வர்மம், நட்சத்திர வர்மம், பிடரி வர்மம் என வர்மம் என்றே முடிகின்றன. காலம் என்பது இங்கு உடலின் ஓர் இடத்தைக் குறிக்கிறது. ஆயினும் நேரத்தின் சாயலை அது முற்றும் இழக்கவில்லை. அடிபட்டபின் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்னும் வரையறை வர்ம நூல்களில் பயில்வது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. இளக்குதற்கு உரிய இடங்கள் அடங்கல் எனப்படும். இங்ஙனம் இடம், தாக்க அளவு, நேரம், மீட்பு என்னும் நான்கும் ஒரே கலைச்சொல் தொகுதியில் பிணைந்துள்ளன. புள்ளி என்னும் ஒற்றைச் சொல் இவற்றுள் இடத்தை மட்டுமே தரும்.

அக்குபங்சரோடு ஒப்பீடு

அக்குபங்சர் என்பதே ஒரு மொழிபெயர்ப்பின் விளைவு. இம்முறைக்குச் சீனமொழியில் வழங்கும் பெயர் சென்சியூ. ஊசியிடுதல், மூலிகை சுட்டு வெப்பமூட்டுதல் என்னும் இரண்டையும் அது குறிக்கும். சப்பானில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே 1683இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் ஊசி, குத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களை இணைத்த பெயரைக் கையாண்டார். ஐரோப்பியப் பெயரில் ஊசி நின்றது, வெப்பம் விடுபட்டது. தமிழில் அமைந்த குத்தூசி மருத்துவம் என்னும் ஆக்கம் அவ்விலத்தீன் பெயரின் நேர்பெயர்ப்பே. ஆனால் தமிழில் குத்தூசி என்பது சாக்குத் தைக்கும் பெரிய ஊசி. மயிரிழை போன்ற மென்மையான ஊசிக்கு இப்பெயர் பொருந்தாமை வெளிப்படை. அக்குபங்சர் என்னும் ஒலிபெயர்ப்பே மக்களிடம் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1938இல் சீனம் சென்ற இந்திய மருத்துவத் தூதுக்குழுவில் துவாரகநாத் கோட்னிசோடு இடம்பெற்றிருந்த பிஜய் குமார் பாசு 1959 அளவில் கல்கத்தாவில் இம்முறையைத் தொடங்கிவைத்தார். பின்னர் அது தமிழகத்திலும் கேரளத்திலும் பரவியபோது, அதனை அறிமுகப்படுத்துவோர் வர்மத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டனர்; வர்மத்தை விளக்குவோர் அக்குபங்சரை எடுத்துக்காட்டாகக் கொண்டனர்.

உடலில் குறித்த இடங்களைக் கொண்டு நலம் பேணுதல் என்னும் அளவில் ஒப்புமை உண்டு. அதற்குமேல் வேறுபாடே மிகுதி. அக்குபங்சரின் புள்ளிகள் நாளங்களின் வரிசையில் அமைந்தவை, கருவி ஊசி. வர்மம் போர்க்கலையோடு பிறந்தது. தாக்கும் இடமும் மீட்கும் இடமும் அறிந்த ஆசானின் கைவிரலே அங்குக் கருவி.

கலைச்சொல் ஆக்கத்தில் அக்குபங்சரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. 1989இல் செனீவாவில் கூடிய உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிஞர் குழு 361 புள்ளிகளுக்கு எண்ணோடு கூடிய குறியீடு, சீன எழுத்துவடிவம், அதன் ஒலிபெயர்ப்பு என மூன்றையும் ஒருங்கே ஏற்றது. மூலப்பெயரை நீக்காமலே பொதுப்பெயர் அமைத்த முறை இது.

கஞ்சியும் பருவமும்

உணவுச் சொற்களில் எல்லையின் தன்மை வேறு. தமிழ் உரையாசிரியர்கள் ஆறு பெரும்பொழுதுகளை ஆவணி முதலாக எண்ணுவர். அக்கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனால் பாறசாலையில் ஆடி, அதாவது கர்க்கடகம், தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதம். கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டின் கடைசி மாதமும் அதுவே. வயல்வேலை குறைந்து சேமித்த நெல்லும் தீரும் அம்மாதத்திற்குப் பஞ்ஞமாசம் என்றும் பெயர். தமிழின் பஞ்சமே மலையாளத்தில் பஞ்ஞம், கஞ்சியே கஞ்ஞி, மஞ்சளே மஞ்ஞள். வல்லினம் தன் முன்னுள்ள மெல்லினமாகத் திரியும் மலையாள ஒலிமரபு இது.

கர்க்கடகக் கஞ்சிக்குரிய அரிசி ஞவர. ஞான், நான், ஞண்டு, நண்டு என்னும் இணைகளை நோக்கி இதனை நவரை என எழுதுவோர் உளர். தமிழக உழவர்க்கு நவரை என்பது மார்கழி, தை அளவில் தொடங்கும் நெற்பட்டம். ஞவரவோ குறுகிய காலத்தில் விளையும் ஒரு நெல்வகை. கஞ்சியில் இடும் ஆசாளி விதையைத் தமிழில் ஆளிவிதை என்பர். அப்பெயரே வேறொரு செடியின் எண்ணெய் வித்துக்கும் வழங்குவதால் கடையில் பொருள் மாறிவிடக்கூடும்.

கஞ்சியில் சேரும் தசபுஷ்பம் என்னும் பத்து மூலிகைகளின் பெயர்கள் மொழி வரலாற்றுக்கு உதவுவன. கறுக என்பது தமிழின் அறுகு. செறூள என்பது சிறுபூளை. கையோன்னி என்பது கையாந்தகரை எனவும் வழங்கும் கரிசலாங்கண்ணி. உழிஞ இன்னும் சுவையானது. முற்றுகைப் போரைக் குறிக்கும் உழிஞைத் திணைக்குப் பெயர் தந்த கொடியை இன்றைய முடக்கற்றானோடு இணைத்துக் காண்பார் பலர். தமிழில் பழம்பெயர் நூலில் நின்றுவிட, முடக்கு அறுக்கும் பயனால் அமைந்த புதுப்பெயர் அடுக்களையில் வழங்குகிறது. மலையாளத்திலோ பழம்பெயரே அடுக்களையில் வாழ்கிறது.

விலக்கும் எல்லைக்கு எல்லை மாறுபடும். கேரளத்தில் கர்க்கடகத்தில் முருங்கையிலை ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. தமிழகத்தில் அதே மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழோடு முருங்கைக்கீரை படைப்பர். மாதம் ஒன்றாயினும் வானிலை வேறு. இவ்வேறுபாட்டை அரசியல் எல்லையோடு மட்டும் பொருத்துதல் சாலாது. மழைமிக்க விளவங்கோடும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் தோவாளையும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. எனவே ஆடியில் உண்ண வேண்டியவை எனப் பொதுப்படப் பெயர்க்கப்படும் குறிப்பு, எந்நிலத்து ஆடி என்பதைச் சொல்லாதவரை முழுமை பெறாது.

பத்தியம் என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. வடமொழியில் உணவு நெறியைக் குறிக்கும் சொல்லும் செய்யுளைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் வேறானவை. தமிழ் எழுத்தில் இரண்டும் பத்தியம் என ஒன்றாகும். பாட்டாக அமைந்த மருத்துவ ஏடுகளில் எது எதைக் குறிக்கிறது என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

முடிவுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் சித்த மருத்துவத்திற்கும் ஆயுர்வேதத்திற்கும் தனித்தனியே தரப்படுத்திய கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. இத்தொகுதிகள் இரண்டாக நிற்க, எல்லை ஊர்களின் வழக்கு இரண்டிற்கும் இடையில் நிற்கிறது. பாறசாலையின் சொல் எத்தொகுதியிலும் முழுமையாக அடங்காது.

மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. வர்மம், அடங்கல், காலம் முதலியவற்றை மூலவடிவிலேயே தந்து விளக்கம் சேர்த்தல் வேண்டும். மாத்திரை, நாழிகை போன்ற அளவைச் சொற்களுக்கு அந்நூலின் பொருளை முதல் வழக்கிலேயே வரையறுத்தல் வேண்டும். மூலிகைக்கும் மாதத்திற்கும் இருமொழிப் பெயரையும் நிலப்பகுதியையும் உடன் தருதல் வேண்டும். இவற்றைச் செய்தால், ஆசானிடம் கேட்டு வளர்ந்த ஒரு மரபு அச்சேறும்போது, அதன் எச்சரிக்கைகள் விடுபடாமல் வாசகரைச் சென்றடையும்.